ஓரத்து தடத்தில் ஓடி தங்கம் தட்டிய ரிச்சர்ட்சன்!

2021-ல் தாயை இழந்த சோகத்தில் கஞ்சா பயன்படுத்தி, ஒரு மாத தடையில் டோக்கியோ ஒலிம்பிக்கை கோட்டை விட்டவர் அமெரிக்க வீராங்கனை ஷாகாரி ரிச்சர்ட்சன். 2022 உலக தடகள போட்டி அணியிலும் இடமில்லை. 'ஆள் அவ்ளோதான்' என்று ஓரங்கட்டினார்கள்.

2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலக போட்டி. 100 மீட்டர் அரைஇறுதியில் லேட்டாக கிளம்பியதால் 3-வது இடம்தான். நேர கணக்கில் தப்பி பிழைத்தார். அப்படி நுழைபவர்களுக்கு நடுத்தடம் கிடைக்காது. ஓரத்து 9-வது தடம் கொடுத்தார்கள். ஜமைக்காவின் ஷெரிக்கா ஜாக்சனும், ஷெல்லி ஆன் பிரேசர் பிரைசும் நடுவே சீறி பாய, பக்கத்தில் போட்டிக்கு ஆளில்லாமலே கடைசி மீட்டர்களில் எகிறினார் ரிச்சர்ட்சன். 10.65 வினாடி, தங்கம்! ஜாக்சன் 10.72, பிரைஸ் 10.77.

தடம் ஓரமானாலும் தூரம் எல்லாருக்கும் அதே 100 மீட்டர்தானே!