தியேட்டரை இடிக்கட்டும், ஊருக்கு ஒரு கூரை வேண்டும்

மதுரை தங்கம் தியேட்டரை நம் வயதுக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' படத்தோடு திறந்தார்கள். 2563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டோம். பிறகு பல வருஷம் பூட்டிக் கிடந்தது. 2011-இல் இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் பெரிய ஜவுளிக்கடை நிற்கிறது. சிந்தாமணி தியேட்டர் இருந்த இடத்திலும் இப்போது ஜவுளி வியாபாரம்தான். கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் தொடங்கிய வெரைட்டி ஹால், பிற்பாடு டிலைட் தியேட்டர் ஆனது. அதையும் இடித்தாகிவிட்டது. வெரைட்டி ஹால் ரோடு என்று தெருவின் பெயர் மட்டும் மிச்சம்.

இப்படி ஒரு தியேட்டரை இடிக்கும் பேச்சு எந்த ஊரில் வந்தாலும் இரண்டு கட்சி கிளம்பிவிடும். "எவ்வளவு பழைய கட்டடம், எத்தனை ஞாபகங்கள், இடிக்கவே கூடாது" என்பது ஒரு கட்சி. "அவன் சொத்து, அவன் இஷ்டம், உனக்கென்ன?" என்பது இன்னொரு கட்சி. டீக்கடையில் இந்த விவாதம் நடந்து முடிவதற்குள் அங்கே ஜேசிபி வந்து நின்றுவிடும். என் அபிப்பிராயத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் பேச வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ பேசுகிறார்கள்.

முதலில் உரிமையாளர் பக்கத்தைப் பார்ப்போம். ஆயிரம் பேர் உட்காரும் ஹாலில் நாற்பது பேருக்குப் படம் ஓட்டினாலும் கரண்டு பில் குறையாது. பிலிம் பெட்டி போய் டிஜிட்டல் வந்தபோது புரொஜெக்டரையே மாற்ற வேண்டியிருந்தது. சொத்து வரி, லைசென்ஸ், ஆள் சம்பளம் எல்லாம் அப்படியேதான். தியேட்டர் போச்சே என்று வருத்தப்படுகிறவர்களில் எத்தனை பேர் கடைசி பத்து வருஷத்தில் அங்கே டிக்கெட் வாங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நம்முடைய ஏக்கத்துக்காக இன்னொருத்தர் மாசாமாசம் நஷ்டப்பட வேண்டும் என்று சொல்வதில் நியாயம் கிடையாது.

பழசு என்பதாலேயே ஒரு கட்டடம் நல்லதாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். நெருப்போடு தொழில் செய்கிற வட்டாரம் நம்முடையது. வாசல் அடைபட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 1979-இல் தூத்துக்குடியில் கீற்றுக் கொட்டகை எரிந்து பலர் இறந்தார்கள். 1997-இல் டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் போனார்கள். அது கல்கட்டடம்தான், புகையில் வெளியேற வழியில்லாமல் செத்தார்கள். பாதுகாப்பில்லாத ஹாலை ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் இடிக்கட்டும் என்று விட்டுவிடலாமா? அங்கேதான் ஊருக்கும் ஒரு பாத்தியதை இருக்கிறது.

கேளிக்கை வரி ஞாபகம் இருக்கிறதா? 1939-ஆம் வருஷத்துச் சட்டம். டிக்கெட்டோடு சேர்த்து வசூலான அந்த வரியில் 90 சதவீதம் அந்தந்த நகராட்சி, பஞ்சாயத்துக்கே போய்ச் சேர்ந்தது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய பெண்கள் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போய் தரை டிக்கெட் எடுத்தார்களே, அந்தக் காசிலும் ஒரு பங்கு ஊர்ப் பொதுக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. தெருவிளக்கிலும் சாக்கடையிலும் தரை டிக்கெட் காசு இருக்கிறது. அத்தனை வருஷம் வாங்கிக்கொண்ட நகராட்சி, இடிக்கும் நாளில் மட்டும் "இது தனியார் விஷயம்" என்று ஒதுங்கிக்கொள்வது சரியில்லை.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். தரை, பெஞ்சு, சேர் என்று பிரித்துத்தான் உட்கார வைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் கடை முதலாளியும் மூட்டை தூக்குகிறவரும் ஒரே கூரைக்கு அடியில், ஒரே நேரத்தில், ஒரே காட்சிக்குச் சிரித்தார்கள். கோயில் திருவிழாவை விட்டால் அப்படிக் கூடுகிற இடம் வேறு எது இருந்தது? பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஆண்துணை இல்லாமல் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வர முடிந்த இடம் அது. தியேட்டர் போனதும் அந்த வாய்ப்பும் போகிறது. ஜவுளிக்கடையிலும் கூட்டம் கூடும். ஆனால் கையில் பத்து ரூபாய் வைத்துக்கொண்டு அங்கே உட்கார முடியாது. கல்யாண மண்டபத்துக்குப் பத்திரிகை வந்தால்தான் போகலாம்.

ஆகவே என் கட்சி இதுதான்: கட்டடம் உரிமையாளருக்குச் சொந்தம், கூடி உட்காரும் வசதி ஊருக்குத் தேவை. அந்த வசதி நமக்கு வேண்டுமானால் ஊர்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும். உரிமையாளர் தலையில் கட்டக்கூடாது.

எப்படிக் கொடுப்பது? புதிதாக எழும்பும் கட்டடத்தில் இருநூறு, முந்நூறு பேர் உட்காரும் ஒரு ஹாலை விட்டுக்கொடுத்தால், மேலே ஒரு மாடி கூடுதலாகக் கட்ட அனுமதி தரலாம். அந்த ஹாலுக்குச் சொத்து வரியைக் குறைக்கலாம். அதில் படமும் ஓடலாம், பள்ளிக்கூட ஆண்டு விழாவும் நடக்கலாம், பட்டிமன்றமும் வைக்கலாம். குறைந்த கட்டண வரிசை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அனுமதி கொடுக்கும் முன் நகர்மன்றத்தில் வைத்து, ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். மும்பையில் 1938-இல் திறந்த ஈராஸ் தியேட்டர் பல வருஷம் மூடிக் கிடந்தது. வெளிமுகத்தைக் காப்பாற்றி, உள்ளே சின்ன ஹாலாக மாற்றி, 2024-இல் மறுபடி திறந்துவிட்டார்கள். பம்பாய்ப் பணம் நம்ம ஊருக்கு ஏது என்றால், செங்கோட்டையைத் தாண்டிப் பாருங்கள். கேரளத்தில் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமே தியேட்டர்கள் நடத்துகிறது. திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா மூன்றும் அவர்களுடையவை. நம் சென்னையிலும் ஒன்று உண்டு. 1913-இல் மவுண்ட் ரோட்டில் வந்த எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் அஞ்சல் துறை கையில் இருந்ததால் தபால்தலை விற்கும் இடமாக இன்னும் நிற்கிறது. பொது அமைப்பு ஒன்று கைகொடுத்தால் எதுவும் மிஞ்சும். தமிழ்நாட்டில் பாரம்பரியச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் 2012-இலேயே வந்துவிட்டது. ஆனால் அரண்மனை, கோயில் என்றால் எல்லார் கண்ணிலும் படுகிறது, சின்ன ஊர் தியேட்டரை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சாத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டாம். பேனா நிப்பு என்றால் ஒரு காலத்தில் நம்ம ஊர் பெயர்தான் முன்னால் வரும். பால்பாயிண்ட் பேனா வந்தது, நிப்புப் பட்டறைகள் போயின. அதை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அந்தத் தொழிலை நம் பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மேசை அளவு இடமாவது ஒதுக்கினோமா? சேவும் வெள்ளரிக்காயும்தான் இன்றைக்கு ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

தியேட்டர் விஷயத்திலாவது கொஞ்சம் முந்திக்கொள்வோம். அந்தக் காலத்து சினிமா போஸ்டர்களை அச்சடித்துத் தந்ததே பக்கத்துச் சிவகாசிதான். பழைய போஸ்டர், கிழித்த டிக்கெட், தியேட்டர் வாசலில் எடுத்த கல்யாண ஜோடி போட்டோ, ஆபரேட்டராக இருந்தவர்களின் அனுபவம், எது வீட்டில் இருந்தாலும் பரணிலிருந்து இறக்கி வையுங்கள். பூட்டிக் கிடக்கும் தியேட்டரை இடிக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது ரோடு, தண்ணீரோடு சேர்த்து இந்த ஹால் விஷயத்தையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். ஜேசிபி வந்த பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.