'மே' என்ற ஒரு சொல்

ஒரு சொல் நாட்டை உலுக்குமா? உலுக்கியது!

இந்தி ஆட்சி மொழி. ஆங்கிலம் 15 ஆண்டுகள் நீடிக்கும் என்றது அரசியல் சட்டத்தின் 343-வது பிரிவு. அந்தக் கெடு 1965 ஜனவரி 26-ந் தேதி முடிய இருந்தது. அதன் பிறகும் ஆங்கிலத்துக்கு இடம் தர 1963-ல் ஆட்சி மொழிச் சட்டம் வந்தது. அதில் போட்ட சொல் 'மே'. அதாவது, ஆங்கிலம் தொடரலாம். 'ஷல்' என்றிருந்தால், தொடர வேண்டும்!

இரண்டும் ஒரே பொருள்தான் என்றார் பிரதமர் நேரு. அப்படியானால் 'ஷல்' என்றே எழுதலாமே என்று மேல்-சபையில் கேட்டார் அண்ணா.

நியாயமான கேள்வி. சொன்னவர் மறைவார், அச்சிட்ட எழுத்துதான் நிற்கும். 1964-ல் நேரு மறைந்தார். 1965-ல் தமிழகம் கொதித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். பல உயிர்கள் பலியாயின. மத்திய மந்திரிகள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தனர்.

1967-ல் சட்டம் திருத்தப்பட்டது. 'மே' போகவில்லை, ஆனால் ஒரு பூட்டு விழுந்தது. இந்தியை ஆட்சி மொழியாக ஏற்காத மாநிலங்கள் அத்தனையும், பிறகு பார்லிமெண்டின் இரு சபைகளும் தீர்மானம் போட்டால்தான் ஆங்கிலத்தை நீக்க முடியும்.

இந்தப் பூட்டை 1963-லேயே போட்டிருக்கலாமே! வாயால் சொன்னதைச் சட்டத்தில் எழுதத் தயங்கினால், மக்களுக்குச் சந்தேகம் வராதா?