மலைப்பாதைக்கு மராமத்து யார் பார்ப்பது?

குரங்கணி என்றால் இன்றைக்கும் நெருப்புதான் நினைவுக்கு வருகிறது. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்களைக் காய்ந்த புல்லில் பற்றிய தீ சுற்றி வளைத்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பாதைக்கு அனுமதியே வாங்கவில்லை என்றது அரசு. அதே வருடம் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. அனுமதி, கட்டணம், வழிகாட்டி என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்கள். யார் போகலாம், யார் போகக்கூடாது என்று வாதாடி ஓய்ந்தார்கள். பாதையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி மட்டும் யார் காதிலும் விழவில்லை.

பாதையைப் பூட்டுவது வேறு, பராமரிப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் இங்கே வியாதி.

கம்பம் பள்ளத்தாக்கின் மலைப்பாதைகள் ஏதோ வார இறுதிப் பொழுதுபோக்குக்காக நேற்று முளைத்தவை அல்ல. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடி வழியாக வெளியூர் போனது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. ரோப்வே போன பிறகும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற மலைக்கிராமத்தின் பெயர் அப்படியே இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களின் பாதையும் இருக்கிறது. தேர்தல் சமயத்தில் போடி மலைக்கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் ஏறிப்போகும் படத்தைப் பத்திரிகையில் பார்த்து நாமெல்லாம் 'அட!' என்கிறோம். அதே பாதையில்தான் நோயாளியை டோலியில் கட்டித் தூக்கி வருகிறார்கள் என்பதற்கு அந்த 'அட' கிடைப்பதில்லை.

லோயர் கேம்ப் பக்கம் பளியங்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறும் பாதையும் அப்படித்தான். சுமார் ஆறரை கிலோமீட்டர். சித்ரா பௌர்ணமி ஒரு நாள் ஆயிரக்கணக்கில் ஜனம் ஏறுகிறது. மறுநாள் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

இப்போது நம்ம கியர் சைக்கிள்காரர்களுக்கு வருவோம். சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் லட்ச ரூபாய் சைக்கிளோடு வருகிறார்கள். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் சலித்துப்போனதும் ஒற்றையடிப் பாதையில் இறங்குகிறார்கள். சக்கரம் தடம் போடுகிறது. ஐப்பசி மழைத் தண்ணீர் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டு மழைக்காலத்தில் தடம் வாய்க்காலாகிவிடும். சைக்கிள்காரருக்கு அதற்குள் புகைப்படம் கிடைத்துவிட்டது, அடுத்த வருடம் வேறு மலை. முதலாம் ஆண்டு வணிகவியல் மாணவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது: சொத்தைப் பயன்படுத்தினால் தேய்மானம் எழுத வேண்டும். இங்கே லாபம் ஒருவர் கணக்கில், தேய்மானம் சென்ட்ரல் ஸ்டேஷன்காரர் முதுகில்!

'அப்படியானால் சைக்கிளைத் தடை செய்யுங்கள்' என்று ஒரு கூட்டம் உடனே கிளம்பும். கொஞ்சம் பொறுங்கள். 1994-ல் அமெரிக்காவின் மொன்டானா மலைப்பாதைகளில் வில்சன், சேனி என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். சக்கரங்களைவிட நடப்பவர்களும் குதிரைகளும்தான் அதிக மண்ணைப் பெயர்த்தது தெரிந்தது. ஆக, சைக்கிளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பயனில்லை. சரிவைப் பார்க்காமல் நேர்க்கோட்டில் இறங்கும் பாதையில் யார் போனாலும் மண் போகும்.

வெளிநாட்டில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? கலிபோர்னியாவில் பாதைகளைச் சைக்கிளுக்கு மூடத் தொடங்கியபோது, அங்கிருந்த ஐந்து சைக்கிள் சங்கங்கள் 1988-ல் சேர்ந்து சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கின. அவர்கள் உரிமை கேட்டதோடு நிற்கவில்லை, மண்வெட்டியும் எடுத்தார்கள். பாதையின் சரிவு மலைச்சரிவில் பாதியைத் தாண்டக்கூடாது, பாதையின் வெளிப்பக்கம் லேசாகத் தாழ்ந்து தண்ணீர் குறுக்கே வழிந்துவிட வேண்டும் என்று பாடமே எழுதி வைத்தார்கள். கனடாவின் வான்கூவர் பக்கம் 1997-ல் தொடங்கிய நார்த் ஷோர் மலைச் சைக்கிள் சங்கத்தில், பாதைகளைத் தத்தெடுத்துத் தன்னார்வலர்களோடு மராமத்து பார்க்கிறார்கள். நில உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டுத்தான் வேலை.

வெள்ளைக்காரன் கண்டுபிடித்த மகா தத்துவம் என்று வாயைப் பிளக்க வேண்டியதில்லை. நம்மூரில் இதற்குக் குடிமராமத்து என்று பெயர். கண்மாய்த் தண்ணீரில் பாசனம் செய்தவன்தான் வாய்க்காலைத் தூர்வாரினான். பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிற பள்ளத்தாக்குக்கு இதைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டுமா? பயன்படுத்துகிறவன் மராமத்து பார்க்க வேண்டும். கண்மாய்க்கு உள்ள நியாயம் மலைப்பாதைக்கு மட்டும் இல்லையா?

'புலிகள் காப்பகத்தில் சைக்கிள் விடச் சொல்கிறீர்களா?' என்பது அடுத்த கேள்வி. இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை 2021-ல் புலிகள் காப்பகமானது. அங்கே அனுமதியில்லாமல் ஒரு சக்கரமும் உருளக்கூடாது. 2023-ல் அரிக்கொம்பன் கம்பம் தெருவுக்கே வந்த கதை தெரிந்தவர்கள், யானை நடக்கும் வழியில் இருட்டில் சைக்கிள் ஓட்டலாம் என்று சொல்லமாட்டார்கள். பேச்சு, ஏற்கெனவே மனிதர்கள் தினமும் நடக்கிற பாதைகளைப் பற்றியது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வதும் அநியாயம். 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 நடைபாதைகளோடு தொடங்கியது. குரங்கணி-சாம்பலாறும் அதில் உண்டு. உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக்கியது நல்ல வேலை. ஆனால் டிக்கெட் விற்கிற பாதைக்கு மட்டும் கவனிப்பு, டோலி வருகிற பாதைக்குக் கிடையாது என்றால் அது என்ன நியாயம்?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் போதும். மலைச் சைக்கிள்காரர் மூன்று பேர், மலையேறுபவர் இரண்டு பேர், மலைக்கிராமத்தார் இரண்டு பேர் என்று ஆரம்பிக்கலாம். வனத்துறையோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். ஐப்பசிக்கு முன்னால் தண்ணீர் வடிகால், கோடைக்கு முன்னால் பாதையோரப் புல், இரண்டுக்கும் தேதி குறிக்க வேண்டும். வரவு செலவை வருடா வருடம் தணிக்கை செய்து ஊர்ச்சாவடியில் ஒட்ட வேண்டும். முக்கியமாக ஒன்று: முதுவரும் பளியரும் வழி சொல்லவும் மண் வெட்டவும் வந்தால் கூலி கொடுக்க வேண்டும். தன்னார்வம் என்ற பெயரில் அவர்கள் உழைப்பை ஓசியில் வாங்கினால் அது சேவை இல்லை, சுரண்டல்.

இதனால் மலைக்கிராமங்களுக்கு ரோடே வேண்டாம் என்றாகாது. ரோடு அவர்கள் உரிமை. வன உரிமைச் சட்டம் 2006, கிராம சபை பரிந்துரைத்தால் காட்டுக்குள் சிறு அளவில் சாலைக்கு நிலம் ஒதுக்க வழி வைத்திருக்கிறது. ஆனால் அது வருகிற வரைக்கும் காய்ச்சல்காரரும் கர்ப்பிணியும் சறுக்கி விழாமல் இறங்க வேண்டுமே!

ஆகவே, அடுத்த தடவை குரங்கணிக்கு சைக்கிளோடு வருகிற அன்பர்களே, ஹெல்மெட்டோடு ஒரு மண்வெட்டியையும் கொண்டுவாருங்கள். வனத்துறையிடம் கேட்டு, ஊர்க்காரர் காட்டுகிற இடத்தில் அரைநாள் வேலை பாருங்கள். பாதை எங்களுக்கும் உரிமை என்று பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.