சேரிக்கு வந்த பணம் சேரியில் தங்குகிறதா?

ஆதிதிராவிடர் குடியிருப்பு ஒன்றில் புதிதாகச் சிமென்ட் சாலை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கலவை இயந்திரம் வெளியூரிலிருந்து வருகிறது. அதோடு ஒரு வேனில் பத்துப் பன்னிரண்டு ஆட்களும் வருகிறார்கள். ஜல்லியும் எம்-சாண்டும் ஒப்பந்ததாரருக்கு வேண்டியவரின் குவாரியிலிருந்து இறங்குகின்றன. ஒரு வாரத்தில் வேலை முடிந்து, மதிப்பீட்டுத் தொகை எழுதிய பலகையை நட்டுவிட்டுப் போகிறார்கள். அதே தெருவில் கொத்தனார் இருக்கிறார், கம்பி கட்டுபவர் இருக்கிறார், பத்து சித்தாள்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்த வாரம் முழுவதும் விடியற்காலையில் பஸ் ஏறி, நகரத்தில் யாரோ கட்டும் வீட்டுக்குக் கல் சுமக்கப் போயிருந்தார்கள். தெருவுக்குச் சாலை வந்துவிட்டது. ஆனால் சாலைக்காக வந்த பணத்தில் ஒரு நாள் கூலிகூடத் தெருவில் தங்கவில்லை.

தலித் மக்களின் பொருளாதாரம் பற்றிய பேச்சு பெரும்பாலும் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு திருப்பி அனுப்பினார்கள் என்ற கணக்கோடு நின்றுவிடுகிறது. அந்தக் கணக்கும் தேவைதான். 1979-80இல் மத்திய அரசு சிறப்புக் கூறுத் திட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து, மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் திட்ட நிதியை ஒதுக்க வேண்டும் என்பது கொள்கை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. அந்தப் பங்கைச் சட்டத்தால் உறுதி செய்ய ஒன்றுபட்ட ஆந்திராவும் கர்நாடகமும் 2013லேயே சட்டம் கொண்டுவந்தன. நம் சட்டப்பேரவை 2024இல்தான் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டத்துக்கெனத் தனிச் சட்டம் நிறைவேற்றியது. தாமதம்தான், என்றாலும் கையில் பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடைத்திருக்கிறது. ஆனால் ஒதுக்கிய பணம் முழுவதும் செலவாகிவிட்டாலும் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. செலவான பணம் யார் கைக்குப் போனது?

இந்தக் கேள்வியோடு 'மக்கள் பங்களிப்பு' என்ற சொல்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசு ஒரு பங்கு போடும், ஊர் ஒரு பங்கு போடும், இருவரும் சேர்ந்து ஊருக்கு வேண்டியதைச் செய்துகொள்வார்கள் என்ற ஏற்பாடு நமக்குப் பழக்கமானதுதான். 1997-98இல் வந்த 'நமக்கு நாமே' திட்டம் இந்த வழியில்தான் நடந்தது. இடையில் 'தன்னிறைவுத் திட்டம்' என்ற பெயரில் தொடர்ந்து, 2021க்குப் பிறகு மீண்டும் பழைய பெயருக்கே வந்திருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும் என்பது பொது விதி. ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வாழும் பகுதிகளுக்கு அது ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டிருக்கிறது. நல்ல சலுகைதான். என்றாலும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து லட்சம் ரூபாய் வேலைக்கு இரண்டு லட்சம் கட்ட வேண்டும். அறுபது குடும்பங்கள் உள்ள தெரு என்றால் வீட்டுக்கு மூவாயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல். அன்றாடக் கூலியில் சாப்பிடும் குடும்பத்துக்கு இது ஒரு வாரத்து உலைக்குச் சமம்.

ஊர்ப் பக்கம் இந்தப் பங்கைக் கட்டச் சிரமம் இல்லை. வெளிநாட்டில் சம்பாதிப்பவர், ரைஸ் மில் வைத்திருப்பவர், முன்னாள் மாணவர் சங்கம் என்று யாராவது ஒருவர் காசோலை தந்துவிடுவார். சேரியில் அப்படி ஒருவர் கிடைப்பது அரிது. அதனால் பணம் உள்ள தெருவுக்கே அரசுப் பணமும் தேடிப் போய்ச் சேருகிறது. திட்டத்தை வகுத்தவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. பங்கு என்றால் ரொக்கம் மட்டுமே என்று எண்ணியதில் வந்த கோளாறு இது. நம் மக்களிடம் இருக்கும் செல்வம் உழைப்பு. கட்டட வேலை தெரிந்த கைகள் அதிகம் இருக்கும் இடங்களில் நம் தெருக்களும் உண்டு. அந்தக் கைகளின் பத்து நாள் உழைப்பைப் பங்குத் தொகையாக வரவு வைத்தால் என்ன குறைந்துவிடும்? அதற்காக ஓசி வேலை வாங்கக் கூடாது. வெட்டி வேலையின் வரலாறு நமக்கு மறக்கவில்லை. கூலியை முழுதாகக் கணக்கிட வேண்டும், அதில் ஒரு சிறு பகுதியை மக்களின் சம்மதத்தோடு பங்காக எழுதிக்கொண்டு மீதியைக் கையில் கொடுக்க வேண்டும்.

இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்குத் திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தைச் சொல்ல வேண்டும். பூந்தமல்லி தாண்டி பெங்களூரு சாலையையொட்டி இருக்கிற ஊர் அது. மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தலித்துகள். கள்ளச்சாராயமும் அடிதடியும் ஊரின் பெயரோடு ஒட்டியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த ஊர்ச் சேரியில் பிறந்து பொறியியல் படித்து, நல்ல அரசு வேலையில் இருந்த இளங்கோ ரங்கசாமி, வேலையை விட்டு ஊர் திரும்பினார். 1996 உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவரானார். 2001இல் மக்கள் அவரையே மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் செய்தவற்றில் நம் பேச்சுக்கு உதவுவது ஒரு சாக்கடை. கால்வாய் கட்ட வெளியிலிருந்து கல் வாங்குவதற்குப் பதில், பக்கத்து கிரானைட் ஆலைகளில் கழித்துப் போட்ட கற்களைக் கொண்டுவந்து, ஊர் ஆட்களை வைத்தே கட்டினார். செலவு குறைந்தது, கூலி ஊரில் தங்கியது. ஆனால் மதிப்பீட்டில் எழுதிய பொருளைப் பயன்படுத்தவில்லை என்று புகார் போனது. விதியை மீறியதாகச் சொல்லிப் பணியிடை நீக்கம் செய்தார்கள். கிராம சபையில் மக்கள் அவர் பக்கம் நின்ற பிறகு பதவி திரும்பக் கிடைத்தது. இந்தச் சம்பவத்தை அவருடைய துணிச்சலுக்காக மட்டும் நினைவு வைத்துக்கொள்வது போதாது. பணத்தை மிச்சப்படுத்தி, ஊர் ஆட்களுக்கு வேலையும் கொடுத்தவர் விதியின் கண்ணில் குற்றவாளி ஆனார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. டெண்டர், மதிப்பீடு, பொருள் பட்டியல் என எல்லாம் ஒப்பந்ததாரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உழைக்கிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி நம்மிடம் குறைவு.

அதன் பிறகு அங்கே சமத்துவபுரம் வந்தது. 1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரத் திட்டத்தில் ஓர் ஊருக்கு நூறு வீடுகள், அவற்றில் நாற்பது ஆதிதிராவிடர்களுக்கு. குத்தம்பாக்கத்தில் அதை ஐம்பது இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். ஒரு சுவரின் இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் மற்றொரு சாதிக் குடும்பம். கட்டடத்துக்கான கற்களை ஊர் மண்ணைக் கொண்டே ஊர் மக்கள் அழுத்தி எடுத்தார்கள். வீடு கட்டும் பணம் வீடு பெறுகிறவர்களுக்குக் கூலியாகவும் போய்ச் சேர்ந்தது. ஊருக்கு வெளியே போகும் மளிகைப் பணத்தில் எவ்வளவை ஊரிலேயே பிடித்து நிறுத்தலாம் என்றும் கணக்கெடுத்தார்கள். எண்ணெய் ஆட்டுவது, பருப்பு உடைப்பது, சோப்பு செய்வது போன்ற சிறு தொழில்களைப் பக்கத்து ஊராட்சிகளோடு பகிர்ந்து நடத்தும் யோசனை அங்கிருந்துதான் எழுந்தது.

குத்தம்பாக்கம் சென்னைக்கு அருகில் இருக்கிற ஊர், அதற்குப் பொறியியல் படித்த தலைவர் வாய்த்தார், எல்லா ஊருக்கும் அப்படி வாய்க்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் ஒரு தனிமனிதர் துணிந்து செய்ததை அரசாணையில் எழுதி வைக்கச் சொல்கிறோம். நல்ல தலைவர் வந்தால்தான் நடக்கும் என்றால், வராத ஊர்களில் நம் பிள்ளைகள் எத்தனை காலம் காத்திருப்பது?

இதைவிடக் கடினமான இன்னொரு கேள்வியும் உண்டு. 'ஊர் மக்கள்' என்று அரசுக் காகிதம் சொல்லும்போது அது யாரைச் சொல்கிறது? நம் கிராமங்களில் ஊர் என்பதே சேரியைத் தவிர்த்த சொல். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். வரவேற்றோம். ஆனால் சொல்லை நீக்குவதைவிட ஊர்ப் பொது என்பதில் நம் பங்கைச் சேர்ப்பது கடினமான வேலை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்கவிடாமல் செய்யப்பட்டது. 2006இல்தான் அது முடிவுக்கு வந்தது. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இவையெல்லாம் பழங்கதை என்று சொல்ல முடியாது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவரை ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தை நாடே பார்த்தது.

தலைவர் நாற்காலியைச் சுற்றி ஏன் இவ்வளவு வன்மம்? கௌரவம் ஒரு காரணம். அந்த நாற்காலியில் இருப்பவர் கையில்தான் கண்மாய் மீன்பாசி குத்தகையும் புளியமர ஏலமும் சாலை வேலை டெண்டரும் இருக்கின்றன என்பது மற்றொரு காரணம். ஊரின் பொதுச்சொத்து வருமானம் காலங்காலமாகச் சில குடும்பங்களுக்குள் சுற்றி வந்திருக்கிறது. ஏலம் கேட்க முன்வந்த தலித்துக்கு ஊர்க்கட்டுப்பாடு என்ற பதில் கிடைத்த ஊர்கள் எத்தனையோ. கூட்டுப் பங்களிப்பு என்ற பெயரில் வரும் நிதியையும் அதே கைகளில் ஒப்படைத்தால் அது எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே குடியிருப்புக்கு என்று வரும் நிதிக்குக் குடியிருப்பிலேயே ஒரு குழு வேண்டும். கணக்கும் கையெழுத்தும் அதன் கையில் இருக்க வேண்டும். இது புதிதல்ல. 2005இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தில் கிராம வறுமை ஒழிப்புச் சங்கங்களின் கணக்குக்கே நேரடியாகப் பணம் வந்தது. அதைத் தணிக்கை செய்யக் கிராமத்திலேயே சமூகத் தணிக்கைக் குழு இருந்தது. அதற்கும் முன்னால் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், படிக்காத பெண்களாலும் கடன் கணக்கு வைத்துத் திருப்பிக் கட்ட முடியும் என்று காட்டிவிட்டன. கணக்கு வைக்கத் தெரியாது என்ற பழைய சாக்கை இனி யாரும் சொல்ல வேண்டாம்.

தனிநபர் தொழில் திட்டங்களையும் குறை சொல்வதற்கில்லை. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023இல் வந்தது. 35 விழுக்காடு மூலதன மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி, வட்டியில் 6 விழுக்காடு சலுகை. சொந்தப் பணம் போடாமலே தொழில் தொடங்கலாம் என்பது நம்மவர்களுக்குப் பெரிய கதவு. ஆனால் மீதி 65 விழுக்காட்டை வங்கி தர வேண்டும். வங்கி மேலாளர் பட்டா கேட்பார். பஞ்சமி நிலத்தை இழந்த மக்களிடம் பட்டா கேட்டால் எங்கே போவார்கள்? 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவுறுத்தியிருக்கிறது. கல்லூரி மாணவர்கள் இதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கடன் கேட்கப் போகும் அண்ணன் அக்காவோடு வங்கிக்குப் போகலாம். இப்படிக் கடன் வாங்கி ஹாலோ பிளாக் அச்சு வைத்திருக்கும் இளைஞரிடமிருந்தே குடியிருப்பு வேலைக்கான கல்லை வாங்க வேண்டும் என்று விதி இருந்தால், தனிநபர் திட்டமும் குடியிருப்புத் திட்டமும் ஒன்றையொன்று தாங்கும். இப்போது அவர் ஒரு துறையின் பயனாளி, சாலை இன்னொரு துறையின் வேலை. இரண்டு கோப்புகளும் ஒரே ஆட்சியர் அலுவலகத்தில் இருந்தும் சந்தித்துக்கொள்வதில்லை.

குடியிருப்புகளை மேம்படுத்த அயோத்திதாச பண்டிதர் பெயரில் ஐந்தாண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய் திட்டத்தை அரசு 2023இல் அறிவித்தது. பணம் சிறியதல்ல. அதில் மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பவை கைக்கெட்டியவைதான். ஒவ்வொரு வேலையிலும் கூலியாகச் செல்லும் தொகையில் பாதிக்குக் குறையாமல் அந்தக் குடியிருப்பு ஆட்களுக்கே சேர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். மதிப்பீட்டுப் பலகையில் மொத்தத் தொகையோடு உள்ளூர் ஆட்களுக்குத் தந்த கூலியையும் எழுதட்டும். பலகையில் ஒரு வரி கூட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது. 'நமக்கு நாமே' போன்ற திட்டங்களில் நம் தெருக்களின் பங்கை உழைப்பாகவும் ஏற்கட்டும்.

மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரும்பாலும் விடுமுறை நாட்கள், ஊரில்தான் இருப்பீர்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் நம் குடியிருப்பில் நடந்த வேலைகள் என்னென்ன, ஒவ்வொன்றையும் எடுத்த ஒப்பந்ததாரர் யார், நம் தெரு ஆட்கள் எத்தனை பேர் அதில் கூலி வாங்கினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். வந்த பதிலை அடுத்த சபையில் எல்லோர் காதும் கேட்க வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் பதிய வையுங்கள்.