சுற்றுலாப் பணம் யார் கைக்குப் போகிறது?

பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில், அவேரோன் மாவட்டத்தில் சென் ஷெலி தோப்ராக் என்றொரு சிற்றூர் உள்ளது. மக்கள் தொகை சில நூறுதான். ஓப்ராக் எனப்படும் எரிமலைப் பாறைப் பீடபூமியின் சரிவில் இருக்கும் இந்த ஊருக்கு மாடும் புல்லுமே ஆதாரம். அப்படியிருந்தும் கோடைக்காலம் முழுவதும் முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு வெளியூர்க்காரர்கள் நடந்து வந்தபடி இருக்கிறார்கள். இந்த நடமாட்டத்தால் விவசாயிக்கு லாபமா, தொந்தரவா என்பது அங்கே வெகு நாளாகப் பேசப்படும் விஷயம். இரண்டும் உண்டு. எது மிஞ்சும் என்பது, பணம் எந்த வழியாக ஊருக்குள் வருகிறது என்பதைப் பொறுத்தது.

வருகிறவர்கள் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. லெ புய் நகரத்திலிருந்து ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ வரை செல்லும் பழைய யாத்திரைப் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. மரத்திலும் கல்லிலும் தீட்டப்பட்ட வெள்ளை, சிவப்புக் கோடுகளே வழிகாட்டி. நாஸ்பினால் என்ற ஊரிலிருந்து சென் ஷெலி வரையுள்ள 17 கிலோமீட்டர் பாதையையும், போரால்த் ஆற்றின் மேலுள்ள பழைய கல் பாலத்தையும் 1998-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. மேலே ஓப்ராக் குக்கிராமத்தில், 12-ம் நூற்றாண்டில் யாத்திரிகர்களுக்காகத் துறவிகள் அமைத்த மடத்தின் எச்சங்கள் நிற்கின்றன. பனிமூட்டத்தில் வழி தப்பியவர்களுக்குத் திசை தெரிவதற்காக அங்கே மணி அடித்துக்கொண்டிருப்பார்களாம். நாஸ்பினால் பக்கம் தேரோக் அருவியும் சிறு ஏரிகளும் இருக்கின்றன. ஆற்றில் தூண்டில் போடலாம். குளிர்காலத்தில் பனிமேல் சறுக்கி நடக்கலாம். மே, ஜூன் மாதங்களில் மேய்ச்சல் நிலம் எங்கும் வெண்ணிற நார்சிஸ் மலர்கள் பூக்கின்றன. வாசனைத் திரவியம் செய்வதற்காக அவற்றைச் சீப்பு போன்ற கருவியால் வாரி எடுக்கிறார்கள்.

இத்தனை அழகும் தானாக வந்தது என்று நடப்பவர் நினைத்துக்கொள்கிறார். அது சரியல்ல. அந்தப் பீடபூமி ஒரு காலத்தில் காடாக இருந்தது. மரத்தை வெட்டி, கல்லைப் பொறுக்கிச் சுவராக அடுக்கி, பல நூறு ஆண்டுகள் மாடு மேய்த்ததால்தான் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளியாக நிற்கிறது. சில ஆண்டுகள் மாட்டை ஏற்றாமல் விட்டால் முதலில் புதர் மண்டும், பிறகு காடு திரும்பும். பார்க்க வருபவர் பார்ப்பது விவசாயியின் உழைப்பை. அந்த உழைப்புக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதுதான் சிக்கல்.

முன்பு கோடையில் ஆண்கள் மலைமேல் கல் குடிசைகளில் தங்கி, பால் கறந்து பாலாடைக்கட்டி செய்தார்கள். புரோன் எனப்படும் இந்தக் குடிசைகள் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முந்நூறு வரை இயங்கின. கூலி கட்டவில்லை, ஆளும் கிடைக்கவில்லை; வாலிபர்கள் பாரிஸ் காப்பிக்கடைகளுக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். குடிசைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பாலாடைக்கட்டியே மறைந்துபோகும் நிலை வந்தபோது, 1960-ல் உள்ளூர் இளம் விவசாயிகள் பக்கத்து ஊரான லாயோலில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே லாயோல் பாலாடைக்கட்டிக்கு இடப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. ஓப்ராக், சிமெந்தால் என்ற இரண்டு இன மாடுகளின் பால்தான் இதற்கு ஆகும். பதனத் தீவனம் போடக்கூடாது. விதி கடுமைதான். ஆனால் அந்த விதியால்தான் சாதாரணப் பால் விலையைவிடக் கூடுதலாக உறுப்பினர்களுக்குக் கொடுக்க முடிகிறது.

இங்கேதான் சுற்றுலா விவசாயிக்கு உதவுகிறது. உருளைக்கிழங்கு மசியலில் புதுப் பாலாடைக்கட்டியைப் போட்டு நூல் நூலாக இழுபடும்வரை கிண்டும் அலிகோ என்ற பண்டத்தை, நடந்து களைத்து வருபவர் வயிறாரச் சாப்பிடுகிறார். போகும்போது ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொள்கிறார். ஊருக்குத் திரும்பிய பிறகும் அதே பெயரைக் கடையில் கேட்டு வாங்குகிறார். தங்கும் இடமும் அப்படியே. சும்மா கிடக்கும் பண்ணை வீட்டைச் செப்பனிட்டு வாடகைக்கு விடும் முறை பிரான்சில் 1951-ல் தொடங்கி, 1955-ல் நாடு தழுவிய சம்மேளனமாயிற்று. தான் குடியிருக்கும் வீட்டிலேயே விருந்தினரை வைப்பவர் ஐந்து அறை, பதினைந்து பேருக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். இது நல்ல சட்டம். இதைவிடப் பெரிதானால் அது ஓட்டல் தொழில். மாட்டைக் கவனிக்க நேரம் இராது.

இதிலும் ஒரு கஷ்டம் உண்டு. விருந்தினர் அதிகமாக வரும் கோடைக்காலமும் வைக்கோல் அறுத்து உலர்த்தும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. படுக்கை விரிப்பதும் இருபது தட்டு கழுவுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுகின்றன. அந்த வேலைக்கும் கூலி போட்டுப் பார்க்காமல் அறை வாடகையை லாபம் என்று எழுதுவது கணக்கே அல்ல.

ஊருக்கு உதவாத சுற்றுலா வேறு வகை. பிரான்சில் பத்து வீட்டில் ஒன்று, ஆண்டில் சில வாரங்களே திறக்கப்படும் விடுமுறை வீடு. அழகான ஊர்களில் இது இன்னும் அதிகம். நகரத்துப் பணம் வீட்டு விலையை ஏற்றிவிட்டால், விவசாயம் தொடங்க விரும்பும் இளைஞருக்குக் குடியிருக்க இடம் அகப்படாது. வந்து குடியேறியவர்களில் சிலர் பிறகு சேவல் கூவுகிறது, மாட்டு மணி சத்தம் போடுகிறது, சாணி நாறுகிறது என்று வழக்கும் போடுகிறார்கள். இத்தகைய வழக்குகள் பெருகவே, 2021 ஜனவரியில் கிராமத்து ஓசைகளையும் வாசனைகளையும் பாரம்பரியச் சொத்தாக ஏற்று அந்நாட்டில் சட்டம் இயற்றினார்கள். முன்பிருந்தே நடந்துவரும் விவசாயத்தைப் பின்னால் வந்தவர் தொல்லை என்று சொல்லித் தடுப்பதற்கு 2024-ல் மேலும் ஒரு சட்டம் கடிவாளம் போட்டது. சாணி நாற்றத்துக்குச் சட்டம் வேண்டியிருந்தது என்பதே வேடிக்கைதான்.

நடப்பவர்களுக்கும் கட்டுப்பாடு வேண்டும். திறந்த வேலிக்கதவை மறுபடி சாத்த வேண்டும். கன்றோடு நிற்கும் பசு, நாயைக் கண்டால் பாயும். ஆகவே நாயைக் கயிற்றில் பிடித்துப் போக வேண்டும். மே 25-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, கொடியும் பூவும் மணியும் கட்டிய மாடுகள் மலையேறுவதைப் பார்க்க ஓப்ராக்கில் பெருங்கூட்டம் கூடுகிறது. பல மந்தைகள் இப்போது லாரியில்தான் மேலே போகின்றன. ஆனாலும் அன்றைய நடை வெறும் வேஷமல்ல. அக்டோபர் 13 வாக்கில் இறங்கும்வரை அந்த மாடுகள் மேலேயே மேயும்.

லாயோல் ஊருக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. அவ்வூர்க் கத்தி பெயர் பெற்றது. 1993-ல் வெளியார் ஒருவர் ஊர்ப் பெயரையே பல சரக்குகளுக்கு வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டார். தங்கள் பெயரை மீட்க ஊரார் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். 2019-ல் பாரிஸ் மேல்முறையீட்டு மன்றம் அந்தப் பதிவுகளில் பலவற்றை ரத்து செய்தது. பாலாடைக்கட்டி விஷயத்தில் இந்தத் தொல்லை நேரவில்லை. அந்தப் பெயருக்கு 1961-லேயே பாதுகாப்பு வாங்கியிருந்தார்கள்.