விதையும் நிலமும் எலுமிச்சம் பழமும்

விழுப்புரம் ஜில்லா திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கத்திலுள்ள ஒரு முருகன் கோயிலில், பங்குனி உத்திரத்தின்போது வேலில் குத்தி வைத்த ஒன்பது எலுமிச்சம் பழங்கள் 2024-ம் வருஷத்தில் 2,36,000 ரூபாய்க்கு ஏலம் போயின. தின்றால் பிள்ளை பிறக்குமாம்! தின்ற பழம் வயிற்றுக்குப் போகுமேயன்றிக் கருப்பைக்கு அங்கிருந்து வழி ஏது? ஆனாலும் ஏலம் எடுத்தவர்களை நாம் பழிக்கவில்லை. “மலடி” என்ற ஒரு சொல்லுக்குப் பயந்தவர்கள் எதையும் கொடுக்கத் துணிவார்கள். அச்சொல்லுக்கு ஆதாரம் தேடிக் கொடுத்தவர்களைத்தான் கேட்கிறோம்.

ஆண் விதை, பெண் நிலம், இரண்டில் விதையே மேலானது என்பது மனுதர்ம சாஸ்திரம். அப்படியானால் முளைக்காதபோது மட்டும் குற்றம் நிலத்தின் தலையில் விழுவானேன்? பிறந்தால் அப்பன் வம்சம். பிறக்காவிட்டால் பெண்டாட்டி செய்த பாவம்! என்ன நியாயம் பாருங்கள்.

1951-ல் அமெரிக்காவிலிருந்த சாங் என்ற சீனரும், ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின் என்பவரும் முயல், எலி இவைகளில் தனித்தனியே சோதித்து ஒரு விஷயத்தைக் கண்டார்கள். புதிதாக வெளிவந்த விந்தணுவுக்குக் கருமுட்டைக்குள் நுழையும் சக்தியே கிடையாது. பெண்ணுறுப்பினுள் சில மணி நேரம் தங்கிய பிறகே அச்சக்தி வருகிறது. பல கோடி அணுக்கள் புறப்பட்டாலும் கருக்குழாயில் முட்டையை நெருங்குபவை சில நூறுதான். கருப்பை வாயிலுள்ள சளி, நீந்தமாட்டாத நொண்டிகளை வடிகட்டி விடுகிறது. கருக்குழாயின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் விந்தணுவைத் தம்மோடு ஒட்டவைத்துக் காப்பாற்றி, முட்டை வரும் சமயத்தில் விடுவதைப் பசு, பன்றிகளில் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். மனித விந்தணுவும் பெண்ணுடலில் ஐந்து நாள் வரையிலும் உயிரோடிருக்கக் கூடும். சும்மா கிடக்கும் நிலம் என்றார்களே, அதன் யோக்கியதை இது!

“அப்படியானால் குறை பெண்ணிடமும் இருக்கலாமே” என்பார்கள். இருக்கலாம். க்ஷயரோகக் கிருமி புகுந்தால் கருக்குழாய் அடைபடுவதுண்டு. அது வியாதி. கண்ணில் புரை விழுந்தவனை எவராவது வளைகாப்பு வீட்டுக்கு வராதே என்கிறார்களா? மேலும், பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில் ஆண் பக்கத்துக் குறையும் உண்டு. அதைப் பார்க்கும் விந்துச் சோதனைக்குக் கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். மீசைதான் குறுக்கே நிற்கிறது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பாதையில் முண்டியம்பாக்கத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மனைவியைக் கோயில் கோயிலாக இழுத்துச் செல்லும் கணவன்மார்களும், மகனுக்கு இரண்டாந்தாரம் தேடும் தாய்மார்களும் அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி, முதலில் அந்த ஆண் பிள்ளையைச் சோதிக்கும்படி டாக்டரிடம் கேட்பார்களா?