ஃப்ளஷைத் துரத்தறவனுக்கு என்ன விலை?

போக்கர்ல எதிராளி ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறைச்சலா உக்காந்திருக்கான்னு தோணிட்டா நம்ம பசங்களுக்குப் பதட்டம் வந்துடும். ஒண்ணு, பயந்து பயந்து கொசுறு மாதிரி கட்டுவாங்க. இல்லேன்னா இருக்கறதை மொத்தமா நடுவுல தள்ளிடுவாங்க. ரெண்டும் தப்புங்கறது என் கட்சி.

டெக்சஸ் ஹோல்டெம். நாலு சீட்டு விரிச்சாச்சு, அதுல ரெண்டு ஹார்ட். கடைசி சீட்டு பாக்கி. நடுவுல 100 சிப்ஸ் (வாழைக்கா இல்லீங்க). அவன் பார்க்காத சீட்டு 46, அதுல அவனுக்கு ஆகறது 9. 20 சதவீதம்கூட இல்லை. நீங்க 25 கட்டினா, அவன் 17 சதவீதம் ஜெயிச்சாலே கட்டுப்படி ஆயிடும். நாமளே கூப்பிட்டு ஓசி டிக்கெட் குடுத்த மாதிரி! 50 கட்டினா அவனுக்கு 25 சதவீதம் வேணும். இப்ப வந்தா நஷ்டம் அவனுக்குத்தான். வரட்டுமே! மொத்தமா தள்ளி அவனை ஓட விட்டா உங்களுக்கு அந்த 100 மட்டும்தான். 50-க்கு வந்தான்னா சராசரியா 110 சொச்சம்.

ஆனா இன்னொரு ஹார்ட் விழுந்தப்புறம், 'சும்மா மிரட்டறான்'னு ஒவ்வொரு தடவையும் இன்னொரு 60 அழுதீங்கன்னா லாபம் அவன் பக்கம் சாஞ்சிடும். போன சனிக்கிழமை ரூம்ல நான் பண்ணின காரியம் அதான். கையில ரெண்டு ஏஸ், கீழ வைக்க மனசு வரலை. இந்த வார மளிகை ரூம்மேட் தயவு :-(